பத்திரத்தில் எழுதாத தண்ணீர்

திருச்செங்கோட்டைச் சுற்றி வீடு கட்டுகிறவர்கள் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் போர் போடுவார்கள். கட்டுமான வேலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது வெளியே சொல்லும் காரணம். தண்ணீர் விழாத மனையில் வீட்டைக் கட்டிவிட்டு என்ன செய்வது என்ற பயம் உள்ளே இருக்கும் காரணம். 1998இல் நாங்கள் வாங்கிய மனை, அதுவரை நிலக்கடலையும் சோளமும் விளைந்த மேட்டாங்காடு. மண்பாதை போட்டு, எல்லைக் கல் நட்டு, சைட்டாகப் பிரித்து விற்றார்கள். பத்திரம் என் பேரில். பள்ளிக்கூட வேலையில் சேர்ந்ததிலிருந்து பிடித்துவந்த சேமநல நிதியில் கடன் எடுத்தேன். அம்மா வீட்டில் போட்ட நகையில் பாதி போயிற்று. மீதிப் பணத்தை என் வீட்டுக்காரர் சம்பாதித்தார். நாலு பக்க எல்லையும், கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி என்ற அளவும், வண்டித்தடப் பாத்தியமும் எழுதியிருந்த அந்தப் பத்திரத்தைப் பதிவு முடித்துக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரியாக இத்தனை வருஷம் நான் பட்ட பாடெல்லாம் எழுதப்படாத அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் மேனேஜர். மத்தியப் பிரதேசமோ சத்தீஸ்கரோ ராஜஸ்தானோ, பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் லாரி ஒன்றைப் பார்த்தால் நம்பர் பலகையைக் கவனியுங்கள். டிஎன் 34 என்று இருந்தால் அது எங்கள் ஊர் வண்டி. ஆப்பிரிக்க நாடுகளுக்குக்கூடக் கப்பலேறிப் போயிருக்கின்றன. ஒரு ரிக் என்றால் இரண்டு லாரி. ஒன்றில் துளை போடும் இயந்திரமும் கம்ப்ரஸரும். இன்னொன்றில் ராடு, டீசல், அரிசி மூட்டை, சமையல் பாத்திரம், பாய் தலையணை. டிரில்லர், டிரைவர், சமையல்காரர், ராடு மாட்டும் பையன்கள், கணக்கும் வசூலும் பார்க்க ஒரு மேனேஜர். வடக்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டி காட்டுக்குள் இறங்க முடியாது. அப்போதுதான் ஊருக்கு வருவார்கள். ஆடி, ஆவணியில் எங்கள் தெரு நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் வீட்டு விவகாரம் முழுக்கப் பெண்கள் கையில். மோட்டார் ஓடவில்லை என்றால் பேனல் போர்டைத் திறந்து கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது, கேட் வால்வுக்குப் புது வாசர் போடுவது, தரைத்தொட்டியைக் கழுவ ஆள் பிடிப்பது எல்லாமே நாங்கள்தான். அவர் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்த காலத்தில், சொந்த வீட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது நானும் அத்தையும். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் போருக்கு நீரோட்டம் பார்க்க வந்த பெரியவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மனையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஈசானிய மூலையில் தேங்காய் நிமிர்ந்து நின்றதாகச் சொல்லி அங்கே ஒரு குச்சியை அடித்தார். என் வீட்டுக்காரருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தடுக்கவில்லை. குச்சி அடித்த இடத்தில்தான் வண்டி நின்றது. முதல் முப்பது அடி செம்மண்ணும் சுக்காம்பாறையும். அதுவரைக்கும் கேசிங் பைப் இறக்கினார்கள். அதற்குக் கீழே கருங்கல். பிட்டு கல்லை இடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது. குழியிலிருந்து சாம்பல் நிறத் தூள் புகையாகக் கிளம்பி, எங்கள் தலை, புருவம், பக்கத்துக் காட்டு வேலியில் இருந்த கிளுவை இலை என்று எல்லாவற்றிலும் படிந்தது. நூறு, இருநூறு, இருநூற்றைம்பது. தூள் தூளாகவே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ராடு மாட்டும்போதும் அத்தை மலையைப் பார்த்து அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டார். இருநூற்றெண்பதில் புகை நின்று தூள் ஈரமாகக் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்தது. டிரில்லர் அதை ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்து, "கேப் கிடைச்சிருச்சுங்க" என்றார். இன்னும் நாற்பது அடி போய் நிறுத்தினார்கள். ஒன்றேகால் இஞ்சு தண்ணீர். கலங்கலாகப் பீய்ச்சியடித்த அந்தத் தண்ணீரில் அத்தை நனைந்துகொண்டே நின்றார். நகரச் சொன்னாலும் நகரவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க அடியில் கெட்டிப் பாறை, அது மணல் மாதிரித் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். மழைத் தண்ணீர் மேல்மண்ணிலும் சுக்காம்பாறையிலும் தேங்கும். அங்கிருந்து பாறையில் விழுந்த விரிசல்கள் வழியாக மெதுவாகக் கீழே இறங்கும். போர் என்பது அந்த விரிசல்களில் ஒன்றிரண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஆறரை அங்குலக் குழி, அவ்வளவுதான். ஆழமாகப் போனால் நிறையத் தண்ணீர் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிறார்கள். ஆழத்தில் இருப்பதும் மேலேயிருந்து இறங்கியதுதான். இதைப் பாடமாகச் சொல்வது சுலபம். அந்த ஒன்றேகால் இஞ்சை நம்பி மூன்று தலைமுறை ஒரு வீட்டில் குளித்துத் துவைத்துச் சமைக்கிறபோதுதான் அதன் முழு அர்த்தமும் தெரியும்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது. தண்ணீர் விடுகிறவர் எந்த நாளில், எந்த நேரத்தில் வால்வைத் திறப்பார் என்பதை ஒட்டித்தான் கல்யாணத்துக்குப் போவதும் ஒரம்பரை வீட்டுக்குப் போவதும் முடிவாகும். உப்புத் தண்ணீர் போரில் வருவது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குழாய் வாயிலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்து இறுகிப்போகும். குளித்துவிட்டு வந்தால் தலைமுடி நார் மாதிரி நிற்கும். சில ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்து பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுந்திருப்பதை வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே குடிக்கவும் உலை வைக்கவும் காவிரி, மற்ற எல்லாவற்றுக்கும் போர். தரைத்தொட்டியை நடுவில் சுவர் வைத்து இரண்டாகக் கட்டினோம். மூடியைக் கழற்றினால் இடது பக்கம் காவிரி, வலது பக்கம் போர். விருந்தாளிகள் குடத்தை மாற்றி முக்கிவிடுவார்களோ என்று அத்தை காவல் இருப்பார்.

அத்தையின் பிறந்த ஊர் ராசிபுரம் பக்கம். சின்ன வயதில் அவருடைய அப்பாரு கவலை ஓட்டியதைப் பார்த்தவர். இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, தோல்பறி நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். எருது களைத்தால் இறைப்பு நிற்கும். இரவில் கிணறு ஊறும், காலையில் மறுபடி இறைப்பார்கள். "கெணத்துக்கும் மூச்சு வாங்க நேரம் குடுக்கோணும் கண்ணு" என்பார். மோட்டார் வந்த பிறகு அந்த நேரம் போயிற்று. அதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. கவலை ஓட்டியவர்களின் கையில் இருந்த காய்ப்பை அவர் மறக்கவில்லை. ஆனால் எங்கள் மோட்டார் ஸ்விட்சை அவர் போட்டால், நாற்பது நிமிஷத்தில் அவரே வந்து அணைத்துவிடுவார். தொட்டி நிறைந்திருக்காவிட்டாலும் சரி.

2003இல் மழைநீர் சேகரிப்புத் தொட்டி எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. கெடு வைத்தார்கள். இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்றார்கள். ஊரே பரபரத்தது. பல வீடுகளில் மாடியிலிருந்து ஒரு பைப்பை இறக்கி, வாசலில் குழி தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடினார்கள். அந்தக் குழிகளில் பல இன்றைக்கு எங்கே இருக்கின்றன என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் பார்த்தவரையில் இந்த மண்ணுக்கு இத்தனை பொருத்தமான உத்தரவு வேறு வந்ததில்லை. எங்கள் கொத்தனார் வேலையில் கண்ணும் கருத்துமானவர். மாடித் தளத்தின் வாட்டத்தைச் சரிபார்க்க ஒரு சொம்புத் தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். தென்மேற்கு மூலையில் தண்ணீர் தயங்கி நின்றது. அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடியும் பூசினார். இரண்டு அறை வைத்து வடிதொட்டி கட்டினார். கீழே பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, அடுப்புக்கரி, மேலே ஆற்று மணல். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் வெளியே போக ஒரு திருகு வால்வு. கோடை மழை இடியோடு வந்தால் நான் முதலில் ஓடுவது அந்த வால்வுக்குத்தான், கொடியில் காயும் துணி பிறகு. கால்மணி நேரம் பெய்யவிட்டு, கையில் பிடித்துப் பார்த்து, தண்ணீர் தெளிந்ததும் உள்ளே திருப்புவேன்.

மாடி ஆயிரம் சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 900 லிட்டருக்கு மேல். இதைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டியபோது என் வகுப்புப் பிள்ளைகள் நம்பவில்லை. வருஷத்துக்கு 70 சென்டிமீட்டர் பெய்கிற ஊரில், அந்த மாடி ஒன்றிலேயே 65,000 லிட்டர். அத்தனையையும் பிடிக்க முடியாதுதான். கொஞ்சம் தெறிக்கும், கொஞ்சம் வழியும், தொட்டி நிறைந்த பிறகு பெய்வது வெளியே போகும். பிடித்ததில் வேக வைத்த பருப்பின் ருசியை எப்படிச் சொல்ல. காவிரித் தண்ணீரைவிடச் சீக்கிரம் வேகும், மஞ்சள் நிறம் மாறாமல் குழைந்துவரும். ஐப்பசியில் பிடித்த தண்ணீரை அத்தை மார்கழி வரைக்கும் பருப்புக்கென்று தனியாக எடுத்து வைப்பார்.

மேற்குப் பக்கத்து மனையில் 2009இல் வீடு கட்டத் தொடங்கினார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன். நாமக்கல்லுக்குப் போய்வருவார், தங்கமான குடும்பம். அவர்கள் போர் போட்ட அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு. வண்டி ஓட ஆரம்பித்து மத்தியானம் ஆகியிருக்கும். நானூறு அடியைத் தாண்டிவிட்டார்கள். அப்போது எங்கள் புடக்காளியில் உஸ்ஸென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் எங்கள் போர்க்குழியின் தகர மூடி குதிக்கிறது. மூடிக்கும் பைப்புக்கும் இடையிலிருந்து காற்று சீறி வருகிறது. பிறகு காற்றோடு சேற்றுத் தண்ணீர். அவர்கள் வீட்டுக் கம்ப்ரஸர் அங்கே அடித்த காற்று, பாறைக்கு அடியில் எந்த விரிசல் வழியாகவோ வந்து எங்கள் குழியில் கிளம்பியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர்கள் வீட்டம்மா எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர்கள் மனையில் அவர்கள் துளைக்கிறார்கள். நடுவில் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. அடியில் சுவர் இல்லை.

அன்று சாயங்காலம் அவர்களுக்கு இரண்டு இஞ்சு தண்ணீர் என்று சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த கோடையில் எங்கள் மோட்டார் இருபது நிமிஷம் ஓடினால் காற்று இழுக்க ஆரம்பித்தது.

கோபம் இருந்தது. மறைக்கவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தை எடுத்துக் காட்டினார். தெரிந்த ஓடைபோல் ஓடாமல் நிலத்துக்கு அடியில் பரவிக் கிடக்கும் தண்ணீரை, அந்த நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுப்பதால் அடுத்தவர் கிணறு வற்றினால் வழக்குக்கு இடம் இல்லை. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013இல் நீக்கப்பட்டது. "அவரு மனையில அவரு எடுக்குறாருங்க டீச்சர். நாளைக்கு நீங்க ஆயிரம் அடி போட்டா அவரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் வக்கீல். அதைத்தான் எங்கள் தெரு செய்துகொண்டிருந்தது. ஒருவர் ஐந்நூறு போட்டால் அடுத்தவர் எழுநூறு, அதற்கடுத்தவர் தொள்ளாயிரம். அவரவர் பத்திரம் அவரவர் பெட்டியில் பத்திரமாக இருக்க, எல்லோரும் ஒரே விரிசலைத் தொட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

2012இன் மின்வெட்டு தனிக்கதை. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. விசைத்தறி ஓடாததால் ஊரே சத்தம் அடங்கிக் கிடந்தது. எங்கள் காதுக்குத் தறிச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. நடுராத்திரி கரண்ட் வந்தால் தெருவில் எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். வோல்டேஜ் விழுந்து ஒன்றும் ஏறாது. அந்தக் காலத்தில்தான் அத்தைக்கு உடம்பு முடியாமல் போயிற்று. படுக்கையில் இருந்தபடியே, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டுக்கொண்டிருப்பார். அதே வருஷம் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார்.

பிறகு 2016. வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. மேட்டூரில் தண்ணீர் வற்றி, பண்ணவாடியில் முழுகிக் கிடந்த நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே நின்றன. 120 அடிக்குக் கட்டிய அணை, 1934இலிருந்து நிற்கும் அணை, எங்கள் பக்கத்துக்கெல்லாம் சோறு போட்ட அணை, கொப்பரையாகக் காய்ந்து கிடந்ததை ஜனங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். குழாயில் காவிரி வருவது குறைந்தது. போர் நின்றேவிட்டது. மோட்டாரை மேலே இழுத்துப் பார்த்தோம். கடைசிப் பைப்பில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து உதிர்ந்தது. தென்னை இரண்டு, மட்டை தொங்கி, குரும்பை கொட்டி, கண்ணெதிரே செத்தன. ஒன்று என் பெரிய மகள் பிறந்த வருஷம் அம்மா வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. அதை வெட்ட ஆள் வந்தபோது நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தெருவில் அந்தக் கோடை முழுக்க ரிக் வண்டிச் சத்தம். ஆயிரத்து இருநூறு அடி போட்டுப் புகை மட்டும் பார்த்தவர்களும் உண்டு. அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஒரு பெண்ணுக்குச் செய்யும் நகைக்காசு, ஒரே ராத்திரியில் மண்ணுக்குள் போகும். என் வீட்டுக்காரர் அப்போது ஊரில் இருந்தார். முதுகு வலி வந்து வேலையை விட்டிருந்தார். சொந்தக்காரர் வண்டி, கூலி குறைத்துப் போடுவார்கள், நாமும் ஆழப்படுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் மறுத்தார். "எத்தனை ஊருல எத்தனை குழி போட்டிருப்பேன். முந்நூறுல எடுத்த ஊருக்கு மறுபடி போனா அறுநூறு. மூணாந்தடவ போனா ஆயிரம். அடியில கல்லுதான் இருக்குது. தண்ணி மேல இருந்துதான் எறங்கோணும். எறங்க உடாம உறிஞ்சிக்கிட்டே இருந்தா எங்கிருந்து வரும்?" வாழ்நாள் முழுக்கத் துளை போட்டுச் சம்பாதித்த மனிதர் சொன்ன சொல். நான் மேற்கொண்டு பேசவில்லை. அந்த வருஷம் டிராக்டர் தண்ணீர் வாங்கினோம். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து மிச்சமிருந்த ஒரு தென்னைக்கும் முருங்கைக்கும் ஊற்றினேன்.

பிறகு பத்திரத்தை அடகு வைத்து அல்ல, என் ஓய்வூதியப் பணத்தில், முற்றத்துக்கு அடியில் இன்னொரு தொட்டி கட்டினோம். இருபதாயிரம் லிட்டர். இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். கரீபியக் கடலில் அமெரிக்க வர்ஜின் தீவுகள் என்று உண்டு. நாலு பக்கமும் கடல். ஆறு ஏரி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அங்கே வீடு கட்டுகிறவர்கள் கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டியாக வேண்டும் என்பது பல காலமாகச் சட்டம். வீட்டுக்கு அடியிலேயே தொட்டி, அதன் மேல் வீடு. புயல் வந்தாலும் கோடை வந்தாலும் பெரும்பாலும் அவர்கள் பிடித்து வைத்திருப்பதுதான் அவர்களுக்கு. பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கோ இதைப் படித்து ரொம்ப நாள் என் மனதில் கிடந்தது. கேட்டவர்களிடம் அதைச் சொன்னேன். தீவில் இருப்பவர்களுக்குச் சுற்றிலும் உப்புத் தண்ணீர், நமக்கு அடியில் உப்புத் தண்ணீர், பெரிய வித்தியாசம் இல்லையே.

2018 ஜூலையில் மேட்டூர் நிறைந்தது. 2013க்குப் பிறகு அப்போதுதான். ஆடிப்பெருக்குக்குப் பள்ளிபாளையத்தில் கரை முட்டப் போன காவிரியைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் இல்லை. ஆனால் அந்த வெள்ளம் எங்கள் மேட்டாங்காட்டுக்கு அடியில் வராது. எங்கள் போருக்கு உயிர் கொடுத்தது உள்ளூரில் பெய்த மழை.

அடுத்த வருஷம் அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட போர்க்குழிக்குள் ஒரு குழந்தை விழுந்து இறந்தது. மீட்க முடியாமல் போன அந்த நாட்களில், தீபாவளி நேரம், எங்கள் தெருவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ரிக் சம்பளம். எத்தனை குழிகளை எத்தனை ஊர்களில் விட்டுவிட்டு வந்திருப்போம் என்று என் வீட்டுக்காரர் இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் இரும்புக் கடைக்குப் போய் மூடிகள் வாங்கிவந்தார். நாலு தெருவில் திறந்து கிடந்த, சாக்கைத் திணித்து வைத்திருந்த குழிகளையெல்லாம் தேடிப் போய் அவரும் இரண்டு பழைய ரிக் பையன்களும் மூடி போட்டு வெல்டிங் வைத்தார்கள். யாரிடமும் காசு வாங்கவில்லை. உச்சநீதிமன்றம் 2010லேயே இதற்கு விதிமுறை சொல்லியிருந்தது. சொன்னது நடப்பதற்குள் எத்தனை குழந்தைகள்.

அப்படித் திறந்து கிடந்தவற்றில் வற்றிப்போன இரண்டு குழிகளை மூடுவதற்குப் பதில், மழைத் தண்ணீரை வடிகட்டிக் கீழே இறக்கலாம் என்ற யோசனை மேற்கு வீட்டு அண்ணனுடையது. பட்டறைக்காரர் கை, எதையும் அளந்து செய்யும். குழியைச் சுற்றி ஆறடிக்கு ஆறடி தொட்டி எடுத்து, கேசிங் பைப்பில் துளை போட்டு, மேலே வலை சுற்றி, கல்லும் ஜல்லியும் மணலும் அடுக்கினார்கள். அவர் வீட்டு மாடித் தண்ணீர், எங்கள் தொட்டி நிறைந்து வழியும் தண்ணீர், எதிர்வீட்டுத் தண்ணீர் மூன்றும் அதில் விழும்படி பைப் போட்டாயிற்று. சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதில் சேரக் கூடாது என்பதில் என் வீட்டுக்காரர் கறார். மேலே பெய்தது ஒழுங்காக இறங்க வேண்டும், அழுக்கு இறங்கினால் ஒருத்தர் வீட்டோடு நிற்காது, எல்லார் வீட்டுக் குழாயிலும் வரும் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். அண்ணன் வீட்டம்மாவும் நானும் மழைக்கு முன்னால் மணலை மாற்றுகிறோம். மேல்மணல் அரை அடிக்குக் கறுத்திருக்கும். அதை அள்ளி ரோஜாத் தொட்டிக்குப் போட்டுவிட்டுப் புது மணல் நிரப்புவோம். 2009இல் சுவருக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றது பற்றி இரண்டு பேரும் இப்போதுதான் பேசினோம். "நானே அன்னைக்குப் பயந்து போயிட்டங்க்கா. உங்க தண்ணிய நாங்க புடுங்கறமோன்னு இருந்துச்சு" என்றார்.

கிழக்குப் பக்கம் காலியாகக் கிடந்த மனையைப் போன வருஷம் ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள். இரண்டு பேரும் சேலத்தில் வேலை. எங்கே போர் போடலாம் என்று கேட்க வந்தார்கள். போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குப் பாத்தியம் இல்லை, அவர்களுக்கும் வேறு வழி இல்லை. முதலில் எங்கள் தொட்டி மூடியைத் திறந்து காட்டினேன். கடைக்கால் போடும்போதே தொட்டிக்கும் குழி எடுத்துவிட்டால் செலவு பாதி என்று கொத்தனார் கணக்குச் சொன்னார். பதினைந்தாயிரம் லிட்டருக்குக் கட்டினார்கள். போரும் போட்டார்கள், எழுநூற்றைம்பது அடி. எங்கள் மூடி குதிக்கவில்லை. ஆனால் அவர்கள் மோட்டார் ஓடும்போது எங்களுக்கு இழுப்பது குறைகிறது, அது உண்மை. அதனால் மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு மாலை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம். காலையில் எங்கள் மோட்டார், முக்கால் மணி நேரம். மத்தியானம் மேற்கு வீடு. கிழக்கு வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கிடையாது. விருந்தாளி வந்து தண்ணீர் பற்றாவிட்டால் முறைக்காரர் வீட்டில் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.